சுடலை என்ற பெயரில்

ஒன்பதாம் நாள் காலை
சைட்டுக்குப் போகாமல் தம்மாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.
ஒருநாள் சம்பளம் போகும், போகட்டும்.
மேல்கட்டில் ஒன்பது இரவாய்க் கிறீச்சிடவில்லை.
அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பேச்சித்தாய் நேற்றும் அழைத்தாள்.
அவன் போன் தண்ணியில் விழுந்துவிட்டது என்றேன்.
எந்தத் தண்ணியில் அண்ணே என்றாள்.
வாளித் தண்ணியில் என்றேன்.

கவுண்டரில் மீசை முளைக்காத பையன்.
இசக்கிமுத்து என்றேன்.
அலிஃபில் தேடினான், ஐனில் தேடினான்.
ஈஸாவா என்றான்.
இஸ்ஹாக்கா என்றான்.
ஒரு இஸ்ஹாக் உள்ளே இருந்தான், வங்காளி,
அவனைத் தேடி யாரும் வரவில்லையாம்.

எனக்கு அரபி ஓதத் தெரியும், பேசத் தெரியாது.
தொண்டியில் ஆறு வருஷம் ஓதியவன்.
எழுத்துக் கூட்டிவிடுவேன்,
பொருள் தெரிந்தது பத்துச் சொல்தான்.
அந்தப் பத்தில் ஒன்றை
திரையைப் பார்த்தபடி அவன் சொன்னான்:
மவ்த்.

முழங்கால் பலகையில் இடித்தது.
மரணத்துக்குச் சொல்லும் வாசகம் நாக்குநுனிக்கு வந்துவிட்டது.
அவன் திரையை என் பக்கம் திருப்பினான்.
மீம், வாவ், தே.
முத்து!
முத்தை அவன் வேறு எப்படி வாசிப்பான், பாவம்.
ஆனால் அந்த முத்து கடலூர்க்காரன்,
போன வருஷமே விமானம் ஏற்றிவிட்டார்கள்.

இக்காமா நம்பர் இருந்தால் ஒரு நிமிஷம் என்றான்.
இக்காமா கபிலிடம். கபில் போனை எடுப்பதில்லை.
டாக்சிக்கு இருபது ரியால், கேம்ப்புக்குத் திரும்பினேன்.
மேல்கட்டில் மெத்தைக்கடியில்
ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள்
வருஷத்துக்கு ஒரு ரப்பர்பேண்டு.
ஒவ்வொன்றிலும் அதே பத்து இலக்கம், இரண்டில் தொடங்கும்.

நம்பரைத் தட்டியதும் வந்துவிட்டான்,
சுடலை என்ற பெயரில்.
பாஸ்போர்ட்டில் அப்பன் பேர் முன்னால் விழுந்திருந்தது.
பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஏரலில் எரித்த மனுஷன்
தர்ஹீலில், மூன்றாம் பிளாக்கில் இருந்தார்.

குற்றம், ஓடிப்போனது.
கபில் எழுதிக்கொடுத்த தேதி ரஜப் பதினொன்று.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
அன்றைக்குத்தான் லிப்ட் வேலை செய்யாமல்
நானும் அவனும் ஏசிப் பெட்டியை ஏழாம் மாடிக்குத் தூக்கினோம்.
நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்து
ஒரு பெப்சியைப் பாதிப் பாதி குடித்தோம்.
தோள்பட்டையில் பெல்ட் பதிந்த தடம்
எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்தத் தாளுக்கு ஒரு காப்பி வேண்டும் என்றேன்.
நீ அவனுக்கு யார் என்றான்.
விண்ணப்பத்தில் கட்டங்கள் இருந்தன:
தகப்பன், மகன், சகோதரன், வக்கீல், தூதரகம்.
கீழ்க்கட்டில்காரனுக்குக் கட்டம் இல்லை.
சகோதரன் என்று தொட்டுக் காட்டினேன்.
என் இக்காமாவை வாங்கிப் பார்த்தான்.
நெய்னா முகம்மது, தகப்பன் சீனி மரைக்கான்.
திரும்ப என் முகத்தைப் பார்த்தான்.
முத்திரையை இழுப்பறைக்குள் போட்டான்.

பிறகு சாயா குடிக்க எழுந்து போனான்,
திரையை அப்படியே விட்டுவிட்டு.
வேண்டுமென்றா, மறதியா, தெரியாது.
ரசீதின் முதுகில் நான் எழுதினேன்,
வலமிருந்து இடமாக,
மதரசாப் பலகையில் எழுதியதுபோல,
பாதிக்குமேல் அர்த்தம் தெரியாமல்,
ஒரு புள்ளி விடாமல்.

வெள்ளிக்கிழமை தர்ஹீல் வாசல்.
ஒரு கைலி, இரண்டு பனியன், அவன் சுகர் மாத்திரை.
யாருக்கு என்றார்கள்.
இசக்கி என்று வாய் திறந்து, விழுங்கி,
சுடலைக்கு என்றேன்.
பையை வாங்கிக்கொண்டார்கள்.

ராத்திரி பேச்சித்தாய் அழைத்தாள்.
போன் சரியாயிட்டா அண்ணே?
இல்லம்மா, ஒரு நம்பர் கிடைச்சிருக்கு.
பேனா இருக்கா?
இரு, பிள்ளை பை எங்கே என்று தேடுகிற சத்தம்.
சொல்லுங்க அண்ணே.
இரண்டு, என்றேன்.